கல்லூரி போதும், பணியிடம் வேண்டும்

புதுச்சேரி பெரிய மார்க்கெட்டில் மீன் வியாபாரம் சூடுபிடிப்பதும் அரசு மருத்துவமனைகளில் புறநோயாளிச் சீட்டு கொடுப்பதும் காலையில்தான். கூடையை விட்டு எழுந்து போனால் அன்றைய பிழைப்பு போச்சு. ஆகவே மீன் விற்பவர்கள் சொத்தைப் பல்லில் கிராம்பை அடக்கிக்கொண்டு, தாடை வீங்கினால் மருந்துக்கடையில் வலி மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு, வியாபாரத்தைப் பார்க்கிறார்கள். மருத்துவரிடம் போவது கடைசியில் பல்லைப் பிடுங்கத்தான்.

புதுச்சேரியில் பல் மருத்துவருக்கா பஞ்சம்? கோரிமேட்டில் அரசே மகாத்மா காந்தி பல் மருத்துவ நிறுவனத்தை நடத்துகிறது. தனியார் கல்லூரிகளும் இருக்கின்றன. நாடு முழுக்க 300-க்கும் மேற்பட்ட கல்லூரிகளில் ஆண்டுக்கு 25,000-க்கு மேல் பி.டி.எஸ். இடங்கள். இன்னொரு கல்லூரி, இன்னும் கொஞ்சம் சீட் என்று யார் கேட்டாலும் நாம் ஆதரிக்கப் போவதில்லை. படித்தவர்களை எடுத்துக்கொள்ள அரசிடம் போதிய பணியிடம் இல்லை. குறை அங்கேதான் இருக்கிறது.

புதுச்சேரி அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மருத்துவப் படிப்புகளில் 10 சதவீத உள் ஒதுக்கீடு 2023-இல் வந்தது. பல் மருத்துவமும் அதில் அடக்கம். நல்ல முடிவு. அந்த ஆண்டு பி.டி.எஸ். சேர்ந்தவர்கள் பயிற்சிக் காலமும் முடித்து 2028 வாக்கில் வெளியே வருவார்கள். அரசுப் பணியிடம் இல்லாவிட்டால் சொந்தமாக கிளினிக் போட நாற்காலி, கம்ப்ரசர், எக்ஸ்ரே என்று லட்சக்கணக்கில் வேண்டும். மீனவர் வீட்டுப் பிள்ளை அதற்கு எங்கே போகும்?

மருத்துவர் மட்டும் போதாது. பல் சுத்தம் செய்யும் ஹைஜீனிஸ்டையும் பல்செட்டு செய்யும் மெக்கானிக்கையும் 1948-ஆம் ஆண்டின் பல் மருத்துவர் சட்டமே அங்கீகரித்தது. ஆனால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஒரு ஹைஜீனிஸ்டைத் தேடித்தான் பார்க்க வேண்டும். நியூசிலாந்து 1921-லேயே பள்ளிப் பிள்ளைகளின் பல்லைப் பார்க்கத் தனியாகப் பல் செவிலியர்களுக்குப் பயிற்சி கொடுக்கத் தொடங்கியது. பக்கத்து இலங்கையும் அந்த வழியில் மகரகமவில் பயிற்சி கொடுத்துப் பள்ளிகளுக்கு அனுப்புகிறது. நாம் மட்டும் சொத்தை முற்றட்டும் என்று காத்திருக்கிறோம்.

பணமில்லை என்பார்கள். வெற்றிலையோடு புகையிலையை அடக்கும் வாயில் வெள்ளைத் திட்டு வந்திருக்கிறதா என்று பார்க்க ஒரு டார்ச்சும் சிறு கண்ணாடியும் பயிற்சி பெற்ற ஒரு கண்ணும் போதும். அதைத் தவறவிட்டுப் புற்றுநோயாக முற்றிய பிறகு, அறுவை சிகிச்சைக்கும் கதிர்வீச்சுக்கும் ஆகும் செலவில் பெரும்பங்கு அரசின் தலையில்தானே விழுகிறது?

எல்லா ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கும் பல் மருத்துவரும் ஹைஜீனிஸ்டும் வேண்டும். ஹைஜீனிஸ்ட் பயிற்சியை உதவித்தொகையோடு கோரிமேட்டிலேயே நடத்தலாம். பெரிய மார்க்கெட் அருகே, கடை ஓய்ந்த பிறகு, பிற்பகலில் இயங்கும் ஒரு பல் சிகிச்சைப் பிரிவு வேண்டும். புதிய பணியிடத்துக்கான கோப்பு இந்த ஊரில் எவ்வளவு வேகமாக நகரும் என்பது எல்லோருக்கும் தெரியும். 2028-இல் ஆளெடுக்க வேண்டுமானால், வரும் நிதிநிலை அறிக்கையிலேயே அரசு இதற்குத் தொகை ஒதுக்கியாக வேண்டும்.