பொறுப்புத் தந்தால் பக்குவம் வரும்

"எங்கள் காலத்துப் பிள்ளைகளுக்கு இருந்த உழைப்பும் பொறுமையும் இந்தக் காலத்துப் பெண்களுக்கு ஏது?" வீட்டில் பாட்டி இப்படித்தான் சொல்கிறார். பெற்றோர் கூட்டத்திலும் இதே பேச்சுத்தான். கேட்டுக் கேட்டு எங்களுக்கும் பழகிவிட்டது. ஆயினும் இக்கூற்று முற்றிலும் சரிதானா என்று ஒருமுறை எண்ணிப் பார்க்க விரும்புகிறோம்.

அக்காலத்தை நாங்கள் குறைத்து மதிப்பிடவில்லை. விடியுமுன் எழுந்து, நீர் சுமந்து, கல்லில் கேழ்வரகு அரைத்து, பிறகு காட்டு வேலைக்கும் போன பாட்டிமாரின் காய்த்துப் போன கைகளை நாங்கள் தொட்டுப் பார்த்திருக்கிறோம். அக்கைகளுக்கு முன் எங்கள் கைகள் நாணத்தான் வேண்டும்.

ஆனால் அன்றைய பெண் சுமந்த சுமையெல்லாம் அவளாக ஏற்றுக்கொண்டதா? ஓசூரை அடுத்த தொரப்பள்ளியில் 1878-இல் பிறந்த இராஜாஜி நம் வட்டாரத்தின் பெருமை. 1897-இல் அவருக்குத் திருமணம் நடந்தபோது மணமகள் அலமேலு மங்கைக்கு வயது பத்து. ஐந்து குழந்தைகளுக்குத் தாயான அந்த அம்மையார் 1916-இல் மறைந்தார். அப்போது அவருக்கு முப்பது வயதுகூட நிரம்பவில்லை. அன்றைய வழக்கம் அது. எவரையும் குறை கூறுவதற்கில்லை. பெண்ணின் திருமண வயதைச் சட்டம் 18 ஆக உயர்த்தியதே 1978-இல்தான். வேறு வழியின்றித் தாங்குவது வேறு; தெரிந்து, ஏற்றுக்கொண்டு தாங்குவது வேறு. முன்னதைப் பொறுமை எனலாம்; பக்குவம் என்று பெயரிடலாமா?

அப்படியானால் பக்குவம் எப்படி வருகிறது? விடை எங்கள் ஊர்ப்பக்கமே இருக்கிறது. 1984-இல் தோன்றிய டைட்டன் நிறுவனம் ஓசூரில் கடிகாரத் தொழிற்சாலை அமைத்தபோது, அனுபவம் மிக்கவர்களை மட்டும் தேடவில்லை. கிராமப்புறப் பள்ளிகளில் அப்போதுதான் படிப்பை முடித்த, பதினேழு பதினெட்டு வயது இளைஞர்களையும் இளம் பெண்களையும் தேர்ந்தெடுத்தது. கண்ணுக்கு எளிதில் புலப்படாத சிறு பாகங்களைக் கையாளும் வேலையைக் கற்றுக் கொடுத்தது. அதோடு நிற்கவில்லை. வீட்டை விட்டு வந்த அப்பிள்ளைகளை வளர்ப்புப் பெற்றோர்போல் இருந்து கவனிக்கப் பெரியவர்களையும் அமர்த்தியது. கையில் பொறுப்பு, பின்னால் ஆதரவு: இரண்டும் சேர்ந்தபோது அவர்கள் நாடறிந்த தொழிலாளர்கள் ஆனார்கள்.

இன்று நிலைமை என்ன? காலையில் நாங்கள் பள்ளிக்கு வரும்போது, இரவு ஷிப்டு முடிந்த அக்காமாரை ஏற்றிக்கொண்டு கம்பெனி பஸ் எதிரே வருகிறது. ஆலைகளில் பெண்கள் இரவில் வேலை செய்யக்கூடாது என்றிருந்த தடையைச் சென்னை உயர்நீதிமன்றம் நீக்கியது 2000-இல். ஓசூர் அருகே ஐபோன் பாகங்கள் செய்யும் டாட்டா எலக்ட்ரானிக்ஸ் ஆலையில் பெரும்பாலோர் இளம் பெண்களே. தொலைதூர மாநிலங்களிலிருந்து வந்து, மொழி தெரியாத ஊரில், விடுதியில் தங்கி உழைப்பவர்களும் அவர்களுள் உண்டு. இவர்களைப் பார்த்த பிறகும் இக்காலத்துப் பெண்ணுக்கு உறுதியில்லை என்று சொல்ல மனம் வருமா?

எங்கள் குறைகளையும் மறைக்கவில்லை. ஐந்து மதிப்பெண் குறைந்தால் உலகமே இருண்டதுபோல் அழுகிறோம். சாப்பிட்ட தட்டைக் கழுவ இருமுறை சொல்ல வேண்டியிருக்கிறது. கையிலுள்ள செல்போன் எங்கள் மாலைப் பொழுதைத் தின்றுவிடுகிறது. தோல்வியைத் தாங்கப் பழகாதது எங்கள் பெருங்குறையே. ஆனால் தோற்கவே விடாமல் எல்லாவற்றையும் செய்து கொடுத்துவிட்டு, பள்ளி முடிந்த மறுமாதமே "இனி நீ பெரியவள்" என்று மணவறைக்கோ, விருப்பம் கேளாமல் வேலைக்கோ அனுப்பினால் பக்குவம் எங்கிருந்து வரும்? நீச்சல் கற்பிக்காமல் கிணற்றில் தள்ளுவது போன்றதல்லவா அது?

ஆகவே பெற்றோரே, எங்களுக்கு இன்றே பொறுப்புத் தாருங்கள். வீட்டு வரவு செலவை எங்கள் கையால் எழுத விடுங்கள். வங்கிக்கும் ரேஷன் கடைக்கும் அனுப்புங்கள். தவறு செய்தால் கண்டியுங்கள். ஆனால் வேலையைப் பிடுங்கிக்கொள்ளாதீர்கள். எங்கள் படிப்பையும் மணத்தையும் முடிவு செய்யும்போது எங்களையும் உடன் அமர்த்திப் பேசுங்கள். அருட்சகோதரிகளே, நீங்களும் அவ்வாறே எங்களை நம்புங்கள்.

அன்புத் தங்கைகளே, நம்பிக்கையைக் கேட்கும் நாம் அதற்குத் தகுதியுடையவர்களாகவும் இருக்க வேண்டும். நாளை காலை அம்மா எழுப்புமுன் எழுந்து, சொல்லாமலே ஒரு வேலையை முடித்து வைப்போம். மறுநாளும் செய்வோம். "இக்காலத்துப் பெண்கள்" என்று பாட்டி தொடங்கும் பேச்சு, அன்று வேறு விதமாய் முடியக்கூடும்.