ஒரே பாய், இரு காற்று

காற்றுச்சறுக்குப் பந்தயத்தைப் பற்றிப் பேசத் தொடங்கினால் நம் மாணவர்கள் கேட்கும் முதல் கேள்வி, பாய் எத்தனை சதுரமீட்டர் என்பதே. கேள்வியில் பிழையில்லை, அதோடு நின்றுவிடுவதே என் மனக்குறை. பாய்மவியல் ஆய்வாளன் என்ற முறையிலும் (பெயரிலேயே பாய் இருப்பது தற்செயல்), ஆயத்த ஆடைத் தொழிற்சாலைகள் மிகுந்த பொம்மனஹள்ளியில் குடியிருப்பவன் என்ற முறையிலும் இதை எழுதுகிறேன். ஆடைத் தொழிற்சாலைக்கும் பந்தயப் பாய்க்கும் என்ன உறவு என்போர் சற்றுப் பொறுத்தருள்க.

2023இல் நடந்த ஹாங்சோ ஆசிய விளையாட்டில் இந்தியாவின் ஈபாத் அலி ஆர்எஸ்:எக்ஸ் பிரிவில் வெண்கலம் வென்றார். அப்பிரிவில் ஆடவர் பாய் 9.5 சதுரமீட்டர். காற்று தளர்ந்தாலும் சீறினாலும் அதே பாய்தான். மணிக்கு 8 கடல்மைல் வேகத்தில் வீசும் காற்று ஒரு சதுரமீட்டரில் தரக்கூடிய அழுத்தம் ஏறத்தாழ 10 நியூட்டன். வேகம் 24 கடல்மைலானால் அது 90ஐத் தாண்டும். வேகம் மும்மடங்கு, விசை ஒன்பது மடங்கு. பலகைமேல் நிற்பவரின் எடையோ மாறுவதில்லை. ஆகவே பரப்பு ஒன்றாகவே இருக்க, மாற வேண்டியது பாயின் வடிவம்.

மென்காற்றில் பாயின் பின்மூலையை இழுக்கும் கயிற்றைச் சற்றுத் தளர்த்துவர். பாய் வயிறு பருத்து, குறைந்த காற்றிலிருந்தும் விசை பெறும். வன்காற்றில் அடிக்கயிற்றை இறுக்க, பாய்மரத்தின் நுனி வளைந்து, மேற்பகுதியின் பின்விளிம்பு தளர்ந்து முறுக்கிக்கொள்ளும். மேலே மிகுதியான காற்று வழிந்தோடும். விசை குறைவதோடு, அதன் மையமும் கீழிறங்கும். கவிழ்க்கும் திருப்புத்திறனைக் குறைக்கும் வழி இது. பாக் நீரிணையின் வத்தைகளில் காற்று வரும் பக்கமாகப் பலகையை நீட்டி அதன்மேல் ஆளை அமர்த்தியவர்கள் இதே கணக்கை மறுமுனையிலிருந்து தீர்த்தார்கள். ஆஞ்சான், தாமான் என்று பாய்க்கயிறுகளுக்குத் தனித்தனிப் பெயர் வைத்திருந்த மொழியில், இன்று பாடநூல் 'கயிறு' என்ற ஒரே சொல்லோடு நிறைவடைகிறது. அது வேறு வழக்கு.

2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் ஆர்எஸ்:எக்ஸின் இடத்தை ஐக்யூஃபாயில் பிடித்தது. ஆடவருக்கு 9, மகளிருக்கு 8 சதுரமீட்டர் பாய். நீரடிச் சிறகின்மேல் பலகை எழுந்துவிட்டால் உராய்வு வெகுவாகக் குறைந்து, ஓட்டத்தின் வேகமே புதுக்காற்றை உண்டாக்குகிறது. கரையில் நிற்பவருக்கு மென்காற்று. பாய்க்கோ அது முன்னாலிருந்து வரும் வலிய காற்று. எனவே 'மென்காற்றுக்கு ஆழமான பாய்' என்ற பழைய விதி பலகை எழும்வரைதான் செல்லும்; எழுந்தபின் தட்டையான பாயே உதவும். எழ முடியாத அளவுக்குக் காற்று ஓய்ந்தால் எந்தப் பாயும் பயன்படாது. மார்செய் கடலில் காற்றின்றிப் போட்டிகள் தள்ளிப்போனதைப் பலரும் பார்த்திருப்பீர்கள்.

சரி, இவ்வடிவம் எங்கிருந்து வருகிறது? தையலிலிருந்து. தட்டையான மென்படலத் துண்டுகளின் ஓரத்தைச் சற்றே வளைவாக வெட்டி இணைத்தால் பாய்க்கு வயிறு உண்டாகிறது. ரவிக்கைக்கு டார்ட் பிடிப்பதும் இதே வடிவியல்தான். நம் ஆய்வகங்களிலோ பாயை விறைத்த தகடாகப் பாவித்துக் கணித்துவிட்டு, 'துணியின் நெகிழ்வு புறக்கணிக்கப்படுகிறது' என்று ஒரு வரி எழுதிவிடுகிறோம். புறக்கணிக்கப்படுவது துணி மட்டுமன்று.

நாங்கள் அந்த நெகிழ்வையும் சேர்த்துக் கணித்தபோது, பின்மூலையிலிருந்து மரத்தின் நடுப்பகுதி நோக்கிச் சாய்வான சுருக்கங்கள் திரையில் தோன்றின. கணிப்பின் எண்முறைப் பிழை என்று எண்ணி இரண்டு வாரம் வலைப்பின்னலைத் திருத்திக்கொண்டிருந்தோம். எங்கள் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் குடியிருக்கும் அம்மா ஒருவர் இருபதாண்டுகள் ஆடைத் தொழிற்சாலையில் வெட்டுமேசையில் நின்றவர். படத்தை ஒருநாள் தற்செயலாகப் பார்த்து, "தம்பி, கம்பு வளையுற அளவுக்கு இந்தப் பக்கம் துணி விடல, அதான் இழுக்குது" என்றார். சென்று பார்த்தோம். மரத்தின் வளைவை, முன்விளிம்பின் வெட்டுவளைவைவிடக் கூடுதலாக உள்ளீடு செய்திருந்தோம். திருத்தியதும் சுருக்கம் மறைந்தது.

பந்தயப் பாய் ஆய்வு நம் நாட்டில் வளர வேண்டுமானால் காற்றுச் சுரங்கத்துக்கு முன்பே வெட்டுமேசை வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. பொறியியல் மாணவர் ஒரு பருவமேனும் துணி வெட்டித் தைத்துப் பார்க்கட்டும். இது கைவினைமீதான பரிவால் சொல்வதன்று. மென்காற்றுக்கும் வன்காற்றுக்கும் ஒரே பாயைப் பொருத்தும் வித்தையில் பாதி, அந்தச் சில மில்லிமீட்டர் வளைவில் இருக்கிறது.

கட்டுரையின் ஆசிரியர் பட்டியலில் அந்த அம்மாவின் பெயரைச் சேர்க்க வேண்டுமென்று எழுதிக் கேட்டேன். 'நன்றியுரையில் குறிப்பிடலாமே' என்றார்கள். இரண்டாம் முறை எழுதியிருக்கிறேன்.