லீசிங் கொமிசன்: பேரம் பேசத் தெரியாததன் விலையை யார் கட்டுகிறார்கள்?

அக்கரைப்பற்றிலிருந்து கல்முனைக்குப் போகும் பிரதான வீதியும், சம்மாந்துறை ஊடாக அம்பாறைக்குப் போகும் வீதியும் காரைதீவில்தான் சந்திக்கின்றன. அந்தச் சந்தியிலிருந்து அதிக தூரமில்லாத ஓரிடத்தில், பழைய வாகனங்களை வாங்கி விற்கும் சிறிய கடையொன்றில் பல வருடங்களாகப் பங்காளியாக இருக்கிறேன். இந்தக் கட்டுரையை எழுதும் தகுதி எனக்கு அந்தக் கடையால்தான் வந்தது. எழுத வேண்டிய கடமை அங்கே நான் செய்த ஒரு காரியத்தால் வந்தது.

2019ஆம் ஆண்டின் தொடக்கம். யுத்தத்தில் கணவனை இழந்த ஒரு சகோதரி, தன் தம்பி ஓட்டிப் பிழைக்க ஒரு பழைய ஓட்டோ கேட்டு வந்தார். நகையை விற்ற முற்பணம் கையில் இருந்தது. மிச்சம் 5 இலட்சம் ரூபாவுக்கு லீசிங் போட வேண்டும். வழக்கமாக வரும் லீசிங் உத்தியோகத்தர் என்னை ஒதுக்குப்புறமாக அழைத்துச் சொன்னார்: "அண்ணன், 24இல போடலாம். 26 எண்டு போட்டா உங்களுக்கு இன்னுமொரு பத்தாயிரம் பார்த்துத் தரலாம்." நான் தலையாட்டினேன்.

அந்தத் தலையாட்டலின் கணக்கைப் பிறகுதான் போட்டுப் பார்த்தேன். 5 இலட்சம் ரூபா, 48 மாதம். 24 சதவீதத்தில் மாதத் தவணை சுமார் 16,300 ரூபா. 26 சதவீதத்தில் சுமார் 16,860 ரூபா. வித்தியாசம் மாதம் 560 ரூபா அளவில். நான்கு வருடத்தில் ஏறத்தாழ 26,800 ரூபா. எனக்குக் கிடைத்தது பத்தாயிரம். மிச்சம் கம்பனிக்கு. முழுவதையும் கட்ட வேண்டியவர் அந்தச் சகோதரி.

அவரால் கட்டி முடிக்க முடியவில்லை. ஈஸ்டர் தாக்குதல், கொரோனா முடக்கம் என்று வந்த எல்லாவற்றையும் தாண்டியவர், 2022இல் எரிபொருள் நெருக்கடியில் விழுந்தார். கியூஆர் அட்டை வந்தபோது ஓட்டோவுக்குக் கிடைத்தது வாரத்துக்கு 5 லீட்டர். அதை வைத்து யாரும் தவணை கட்ட முடியாது. ஓட்டோ போனது. என் பத்தாயிரம்தான் அவரை விழுத்தியது என்று சொல்ல மாட்டேன். ஆனால் அவர் தலையில் இருந்த சுமையில் ஒரு பங்கு நான் தூக்கி வைத்தது.

வாகன விற்பனையாளர்கள் கொமிசன் வாங்குவது களவல்ல. ஆளைத் தேடுவது, ஆவணம் சேர்ப்பது, பிணையாளியைக் கூட்டி வருவது எல்லாம் நாங்கள்தான். கம்பனிக்கு அது பெரிய செலவு மிச்சம். பிரச்சினை கொமிசன் எந்த வழியால் வருகிறது என்பதிலேயே இருக்கிறது. கம்பனியின் இலாபத்திலிருந்து வந்தால் அது கூலி. வட்டியைக் கூட்டி வந்தால், அயலவரின் சட்டைப் பையிலிருந்து எடுத்தது. நேராகப் பேரம் பேசத் தெரியாத கடைக்காரனுக்குக் கம்பனி இரண்டாவது வழியையே காட்டும். அதற்கு அது செலவில்லாத வழி.

இது எங்கள் ஊர்ப் பிரச்சினை மட்டுமல்ல. இலண்டனில் இருக்கும் எங்கள் உறவுகள் பலர் கடனில்தான் கார் வாங்கினார்கள். வட்டியை எவ்வளவு கூட்டுகிறானோ அவ்வளவு கொமிசன் என்ற முறை அங்கேயும் இருந்தது. பிரித்தானியாவின் நிதி நடத்தை அதிகார சபை 2021 ஜனவரியில் அதைத் தடை செய்தது. 2025 ஓகஸ்ட் 1ஆம் திகதி அந்நாட்டு உச்ச நீதிமன்றம் கார்க் கடன் கொமிசன் வழக்குகளில் தீர்ப்பளித்தது. பெரும்பாலான அம்சங்களில் கடன் கொடுத்தோர் பக்கமே தீர்ந்தது. ஆனால் ஒரு வாடிக்கையாளரின் விடயத்தில், கடனுக்காக அவர் கட்டும் மொத்தச் செலவில் 55 சதவீதம் கொமிசனாகப் போயிருந்தது. அந்தக் கடை குறித்த ஒரு கம்பனிக்கே முதலுரிமை கொடுக்கக் கட்டுப்பட்டிருந்ததும் அவருக்குச் சொல்லப்படவில்லை. அந்த உறவு நியாயமற்றது என்று நீதிமன்றம் சொன்னது. கொமிசனின் அளவு, மறைவான பிணைப்பு இரண்டும் அங்கே எடைபோடப்பட்டன.

இனி எங்கள் நிலைமைக்கு வருவோம். 2020இல் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, 2025 பெப்ரவரியில் தனியார் வாகனங்களுக்கும் திறந்துவிடப்பட்டது. மத்திய வங்கியின் கொள்கை வட்டி 2025 மே மாதம் 7.75 சதவீதத்துக்கு இறக்கப்பட்டது. கம்பனிகள் பணம் திரட்டும் செலவு, நெருக்கடிக் காலத்தோடு ஒப்பிட்டால் வெகுவாகக் குறைந்திருக்கிறது. "எங்களுக்குக் கட்டாது" என்ற பழைய பதிலை அப்படியே ஏற்க வேண்டியதில்லை. பேரம் பேச நல்ல நேரம் இது. எதைப் பேசுவது?

முதலாவது, கொமிசன் வட்டியோடு கட்டப்படக் கூடாது. கடன் தொகையில் ஒரு நிலையான சதவீதம், அல்லது வாகனத்துக்கு இவ்வளவு என்று கேளுங்கள். அப்போது வட்டியைக் குறைக்கச் சொல்லி வாடிக்கையாளருக்காக வாதாடவும் உங்களுக்கு வாய் வரும்.

இரண்டாவது, திருப்பி எடுக்கும் நிபந்தனை. வாடிக்கையாளர் முதல் சில தவணைகளைத் தவறினாலோ, கடனை முன்கூட்டியே முடித்தாலோ கொடுத்த கொமிசனைக் கழிக்கும் ஏற்பாடுகள் உண்டு. அது எத்தனை மாதத்துக்கு, முழுத்தொகையா பகுதியா என்பதை எழுத்தில் வாங்குங்கள். முன்கூட்டியே கட்டி முடிப்பவர் நல்ல வாடிக்கையாளர்; அவருக்காக நீங்கள் தண்டம் கட்டக் கூடாது.

மூன்றாவது, காசு வரும் நாள். வாகனத்தின் பணம் வாரக்கணக்கில் இழுபட்டால், கூடிய கொமிசனாலும் பயனில்லை. சிறிய கடைக்குச் சுழற்சிதான் உயிர். கொமிசனில் கால் சதவீதம் விட்டுக்கொடுத்தாவது, ஆவணம் ஒப்படைத்த இத்தனை நாளுக்குள் பணம் என்று எழுதி வாங்குவது இலாபம்.

நான்காவது, இலக்கு. மாதம் இத்தனை வாகனம் என்ற இலக்கு கொழும்புக்குச் சரிவரலாம். வேளாண்மையை நம்பிய இந்தக் கரைக்குச் சரிவராது. எங்களிடம் மாரி வேளாண்மை வெட்டி, பெப்ரவரி, மார்ச்சில் காசு புழங்கும்போதுதான் வியாபாரம். ஆகவே வருட இலக்கைக் கேளுங்கள். இன்னொன்றையும் கவனியுங்கள்: பெரும்பாலான நிதிக் கம்பனிகளின் கணக்காண்டு மார்ச் 31இல் முடிகிறது. உத்தியோகத்தர் இலக்குக்காக ஓடித்திரியும் அதே வாரங்களில்தான் உங்களிடம் ஆட்கள் வருகிறார்கள். அந்த நேரத்தில் அவருக்கு நீங்கள் தேவை.

ஐந்தாவது, ஒரே கம்பனிக்குக் கட்டுப்படாதீர்கள். குறைந்தது மூன்று இடத்தில் விலை கேளுங்கள். கேட்கும்போது ஒரு கொப்பியைக் கையில் கொண்டுபோங்கள்: நீங்கள் அனுப்பியவர்களில் எத்தனை பேர் ஒழுங்காகக் கட்டினார்கள் என்ற கணக்கு. கம்பனி பயப்படுவது வராக்கடனுக்கு. அந்தக் கொப்பியை விடப் பெரிய பேரச் சக்தி சிறிய கடையிடம் இல்லை.

வாடிக்கையாளருக்கும் ஒரு வார்த்தை. "நிலையான வட்டி 10 சதவீதம்" என்று சொன்னால் மயங்காதீர்கள். 10 இலட்சத்துக்கு நான்கு வருடம் அப்படிப் போட்டால் தவணை சுமார் 29,170 ரூபா. குறைந்துசெல்லும் மீதியில் கணக்கிட்டால் உண்மையான வட்டி 17.5 சதவீதம் அளவில் வரும். இஜாரா முறையில் எடுக்கும் முஸ்லிம் சகோதரர்களும் மொத்தமாகக் கட்டும் தொகையைக் கேட்டு ஒப்பிட வேண்டும். பெயர் வேறானாலும் கடைக்காரரின் கொமிசன் அங்கும் இருக்கலாம். முறைப்பாடு இருந்தால் மத்திய வங்கியின் நிதி நுகர்வோர் பிரிவுக்கு 1935 என்ற இலக்கத்தில் அழைக்கலாம். 2023ஆம் ஆண்டின் நிதி நுகர்வோர் பாதுகாப்பு ஒழுங்குவிதிகள் உங்களுக்காகத்தான் வந்தன.

கடைசியாக ஒன்று. நிந்தவூர், மாளிகைக்காடு, சாய்ந்தமருது, கல்முனை என்று இந்த வீதி நெடுகிலும் எங்களைப் போன்ற கடைகள் இருக்கின்றன. கல்முனை வடக்குப் பிரதேச செயலக விவகாரத்தில் தமிழரும் முஸ்லிம்களும் எதிரெதிரே நிற்கிறோம். அந்த வழக்கு அதன் வழியில் போகட்டும். லீசிங் கம்பனியின் முன்னால் நாங்கள் எல்லோரும் ஒரே மாதிரிச் சிறிய கடைக்காரர்கள். பத்துக் கடை சேர்ந்து, "வட்டியைக் கூட்டித் தரும் கொமிசன் வேண்டாம், நேர்க் கொமிசனைத் தாருங்கள்" என்று கேட்டால், எந்தக் கிளை முகாமையாளரும் கொழும்புக்குத் தொலைபேசி எடுத்தே ஆக வேண்டும்.

எங்கள் கடையில் இப்போது லீசிங் போடும்போது, எங்களுக்கு வரும் கொமிசனைத் துண்டில் எழுதி வாடிக்கையாளருக்குக் காட்டுகிறோம். சிலர் அதில் குறைத்துக் கேட்கிறார்கள். சில வேளை குறைக்கிறோம். வியாபாரம் படுத்துவிடவில்லை. 2019இல் அந்தச் சகோதரியிடம் நான் காட்டாத துண்டு அது. அவரிடம் இதை நேரில் சொல்ல இன்னும் எனக்குத் துணிவு வரவில்லை. அதனால்தான் முதலில் இங்கே எழுதியிருக்கிறேன்.