பிரதிக்ஞையும் பயிற்சியும்

ஆண்டுதோறும் ஜூன் 26-ந் தேதி நம் பாடசாலைகளில் போதை ஒழிப்புப் பிரதிக்ஞை எடுக்கப்படுகிறது. ஐக்கிய நாடுகளின் பொதுச்சபை 1987-ல் குறித்த தினம் அது. மாணாக்கர் வரிசையாக நின்று, கையை நீட்டி, உபாத்தியாயர் சொல்வதைத் திருப்பிச் சொல்கின்றனர். ஊர்வலமும் உண்டு. மறுநாள் வழக்கம்போல் கணக்குப் பாடம். நோக்கம் உயர்ந்ததே, எனினும் இதனைக் கல்வியென்று ஒப்புக்கொள்ள நாம் சித்தமாயில்லை.

2019-ல் மத்திய சர்க்கார் வெளியிட்ட கணக்கெடுப்பு ஒரு விஷயத்தைத் தெளிவாக்கிற்று. பசை, ஒயிட்னர் முதலிய முகர்பொருள்களில் மட்டும், உபயோகிப்போர் விகிதம் பெரியோரைவிடச் சிறுவரிடையே அதிகம். சுமார் 4.6 லட்சம் சிறுவருக்கு இதிலிருந்து மீள உதவி தேவையென்று அக்கணக்கு கூறுகிறது. இவை கள்ளத்தோணியில் வருபவையல்ல. எழுதுபொருள் கடையிலும் சைக்கிள் கடையிலும் கிடைப்பவை. முதல் முறை முகர்ந்தவனுக்கே இருதயத் துடிப்பு தடுமாறி உயிர் போவதுண்டு. இதைப் பையனுக்குச் சொன்னவர் எத்தனை பேர்?

வெறும் பயமுறுத்தலும் பயன் தராது. அமெரிக்காவில் 1983-ல் லாஸ் ஏஞ்சலிஸ் நகரில் போலீஸாரையே வகுப்புக்கு அனுப்பி, 'வேண்டாம்' என்று சொல்லுமாறு போதிக்கும் 'டேர்' என்னும் திட்டம் ஆரம்பமாகி, தேசமெங்கும் பரவியது. 1990-களில் ஆராய்ச்சியாளர் பலர் பரிசோதித்ததில், அதனால் நிலைத்த பலன் காணப்படவில்லை. காரணம் ஊகிக்கக் கூடியதே. புகைத்தால் நாளையே சாவாய் என்று கேட்டவன், புகைக்கும் அண்ணன் மறுநாளும் கல்லென நிற்பதைக் கண்டபின், உபாத்தியாயரின் மற்றச் சொற்களையும் பொய்யென்றே தள்ளிவிடுகிறான்.

அதே தேசத்தில் கில்பர்ட் பாட்வின் என்னும் மனோதத்துவ அறிஞர் வேறு வழி சென்றார். நியூயார்க் ராஜ்யத்தில் 56 பள்ளிகளில் நடந்த பரிசோதனையில் முதல் வருஷம் 15 வகுப்புகள், அடுத்து 10, பின்னர் 5. சிநேகிதன் வற்புறுத்துகையில் சிநேகம் கெடாமல் மறுப்பது, கோபத்தையும் கவலையையும் அடக்குவது, விளம்பரத்தின் ஜாலத்தை அறிவது ஆகியவற்றை மாணாக்கர் நடித்துப் பழகினர். பாடம் ஒழுங்காக நடந்த இடங்களில், ஆறு வருஷத்திற்குப் பின்னும் புகையும் மதுவும் குறைந்திருந்ததாக 1995-ல் வெளியான அறிக்கை கூறுகிறது. நீச்சலைப் பற்றிப் பிரசங்கம் கேட்டு எவனும் நீந்தியதில்லை அல்லவா?

2003 முதல் சில்லறை மது வியாபாரத்தையும் தானே நடத்திவரும் தமிழ்நாட்டுச் சர்க்காருக்கு இவ்விஷயத்தில் இரட்டிப்புக் கடமையுண்டு. கடைகளைப் பற்றிய விவாதம் தனியே நடக்கட்டும். அது முடியும்வரை ஏழாம் வகுப்புப் பையன் காத்திருக்க மாட்டான். வாரத்துக்கு ஒரு மணி, பயிற்சி பெற்ற ஓர் உபாத்தியாயர், வகுப்பிலேயே ஒத்திகை: இவை கால அட்டவணையில் எப்பொழுது ஏறுமென்று கல்வி மந்திரி சட்டசபையில் தேதியிட்டுச் சொல்ல வேண்டும். அடுத்த ஜூன் 26-ந் தேதி ஊர்வலத்துக்கு முன்பே அதைக் கேட்டு வாங்குவது பெற்றோர் பொறுப்பு.