வாசித்துவிட்டுக் கையெழுத்து

கிராம சபைக் கூட்டத்துக்குப் போனால் முதலில் நம்மிடம் நீட்டப்படுவது பேனா. டீ, பேச்சு எல்லாம் அதற்குப் பிறகுதான். "கையெழுத்துப் போட்டுட்டு உட்காருங்க" என்று ஊராட்சிச் செயலர் நோட்டைத் தள்ளுவார். அவர் கவலை அவருக்கு. மக்கள்தொகை 500-க்குள் என்றால் 50 பேர், 3,000 வரை 100 பேர், 10,000 வரை 200 பேர், அதற்கு மேல் 300 பேர் வந்தாக வேண்டும் என்று குறைவெண் வரம்பு இருக்கிறது. இந்தத் தலைக்கணக்குக்காகவே பல ஊர்களில் நூறு நாள் வேலைப் பெண்களைக் கூட்டிவந்து பந்தலில் உட்கார வைக்கிறார்கள். அவர்கள் கையெழுத்தோ கைநாட்டோ வைத்துவிட்டுப் போன பிறகு, தீர்மானங்கள் நிதானமாக எழுதப்படும். ஊரே சேர்ந்து நிறைவேற்றிய தீர்மானத்தை ஊரில் யாருமே கேட்டிருக்க மாட்டார்கள்.

ஏகனாபுரம் மக்கள் பரந்தூர் விமான நிலையத்தை எதிர்த்துக் கிராம சபையில் திரும்பத் திரும்பத் தீர்மானம் போட்டதை நாடு பார்த்தது. அது அரசோடு நடக்கும் பெரிய வழக்கு. நான் சொல்ல வந்தது குழாயடி விவகாரம்.

எங்கள் ஊராட்சியில் குடிநீர் இணைப்பில் மோட்டார் பொருத்தக் கூடாது. மீறினால் இணைப்புத் துண்டிப்பு, மோட்டார் பறிமுதல். அலுவலகச் சுவரில் பெயின்ட்டிலேயே எழுதியிருக்கிறார்கள். நல்ல விதி. டேங்கை ஒட்டிய தெருக்காரர்கள் உறிஞ்சிவிட்டால் கடைசித் தெருவுக்குக் காற்றுதான் வரும். ஆனால் இணைப்பு துண்டிக்கப்பட்டதெல்லாம் அந்தக் கடைசித் தெருவில்தான். தண்ணீர் ஏறவில்லையே என்று அரைக் குதிரைத்திறன் மோட்டாரைக் கடன் வாங்கி வைத்தவர்கள் மாட்டிக்கொண்டார்கள். டேங்குக்குப் பக்கத்து மாடி வீடுகளில் காலை ஆறு மணிக்கு மோட்டார் ஓடும் சத்தம் தெருமுனை வரை கேட்கும். டேங்க் ஆபரேட்டருக்கு மட்டும் கேட்காது. அந்த வீடுகளில் ஒன்று வார்டு உறுப்பினருடையது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

தலைவர் பதவியில் இருந்த காலத்தில் நடந்த ஒரு கூட்டத்தில் கடைசித் தெருப் பெண்கள் இதைக் கிளப்பினார்கள். ஒரே கூச்சல். தலைவர் கையமர்த்தி, "கவனிக்கிறோம், கவனிக்கிறோம்" என்றார். இப்படியே முடிந்துபோன கூட்டங்கள்தான் அதிகம். கத்தித் தீர்த்தவர்களுக்கும் ஒரு திருப்தி, கேட்டுக்கொண்ட மாதிரி இருந்தவர்களுக்கும் ஒரு நிம்மதி. அன்றைக்கு ஒரு அம்மா மட்டும் நோட்டைக் கையில் வாங்கிக்கொண்டு பேனாவைத் தொடவில்லை.

"போடுங்க அத்தை, அப்புறம் எழுதிக்கலாம்" என்றார் செயலர்.

"நீ எழுதாம நான் எதுக்குக் கீழடா போடுறது? எழுது. வாசி. கேட்டுட்டுப் போடுறேன்."

அவர் போடவில்லை என்றதும் பக்கத்தில் இருந்தவர்களும் போடவில்லை. மேற்பார்வைக்கு வந்திருந்த பற்றாளர் கடிகாரத்தைப் பார்த்தார். எண்ணிக்கை குறைந்தால் கூட்டமே செல்லாது. வேறு வழியின்றி எழுதினார்கள்: மோட்டார் உள்ள வீடுகளைத் தெரு வித்தியாசம் பார்க்காமல் ஆய்வு செய்து அகற்றுவது, பட்டியலை அடுத்த கிராம சபையில் வாசிப்பது. "தேதி போடு" என்றார் அந்த அம்மா. தேதியும் போட்டார்கள்.

இதில் அவர் புதிதாக எந்த உரிமையையும் பறித்துக்கொள்ளவில்லை. ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயருள்ள எல்லாரும் சேர்ந்ததுதான் கிராம சபை என்று அரசமைப்புச் சட்டத்தின் 73-ஆவது திருத்தம் சொல்கிறது. 1994-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டப்படி வரவு செலவும் தணிக்கை அறிக்கையும் அங்கே வைக்கப்பட வேண்டும். கிராம சபை கூடுவது முன்பு ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 என்று நான்கு நாட்கள். 2022-இல் மார்ச் 22-ஐயும் நவம்பர் 1-ஐயும் சேர்த்து ஆறாக்கினார்கள். எழுதிய தீர்மானம் பிறகு மாறாமல் இருக்கிறதா என்று பார்க்க, பத்து ரூபாய்க் கட்டணத்தில் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி நகல் கேட்கலாம். என்னைக் கேட்டால், சட்டம் தெரிந்த நாலு பேரைவிட நோட்டை வாங்கி வைத்துக்கொள்ளும் ஒருவர் ஊருக்கு அதிகம் பயன்படுவார்.

2019 டிசம்பரில் உள்ளாட்சித் தேர்தல் நடந்த மாவட்டங்களில் 2025 ஜனவரியோடு பதவிக்காலம் முடிந்தது. எங்கள் ஊரும் அதில் ஒன்று. தலைவர் போய்த் தனி அலுவலர் வந்தார். 2016-க்கும் 2019-க்கும் இடையிலும் இதே கதைதான். முன்பு தலைவர் வீட்டு வாசலில் போய் நின்று திட்டவாவது முடிந்தது. தனி அலுவலருக்கு எத்தனையோ ஊராட்சிகள். ஆனாலும் உறுப்பினர்கள்தான் வீட்டுக்குப் போனார்கள். கிராம சபைக்குப் பதவிக்காலம் ஏது? வாக்காளர்கள் இருக்கிற வரை அது இருக்கும்.

மோட்டார்கள் போய்விட்டன, வார்டு உறுப்பினர் வீட்டிலிருந்தது உட்பட. இப்போது அதே மாடி வீடுகளில் தெருமட்டத்துக்குக் கீழே சம்ப் வெட்டியிருக்கிறார்கள். குழாயைப் பள்ளத்தில் இறக்கிவிட்டால் மோட்டாரே வேண்டாம், தண்ணீர் தானாக இறங்கிவிடும். சுவரில் எழுதியிருக்கும் விதியில் சம்ப் இல்லை. சேர்க்கச் சொல்லிக் கடைசித் தெருப் பெண்கள் மனு எழுதிக்கொண்டிருக்கிறார்கள். இணைப்புக் குழாய் தரையிலிருந்து எத்தனை அடி உயரத்தில் இருக்க வேண்டும் என்பதில்தான் அவர்களுக்குள் இன்னும் ஒத்துவரவில்லை.