இரண்டாம் முறுக்கு

நம் வயதுக்காரர்கள் சிலர் வீட்டில் இன்னும் அம்பாசிடர் நிற்கிறது. 2014-ல் உத்தர்பாரா ஆலையில் தயாரிப்பு நின்ற பிறகும் விற்க மனம் வராதவர்கள். இன்ஜினைப் பிரித்து வேலை செய்ய நினைப்பவர்கள் இதைக் கொஞ்சம் படியுங்கள்.

போர் வேலை, பிஸ்டன், ரிங், பேரிங் என்று பெரிய தொகை கொடுத்து வண்டியை வீட்டுக்கு ஓட்டி வருகிறோம். அத்தோடு வேலை முடிந்தது என்று நினைக்கிறோம். முடியவில்லை என்பதுதான் என் கட்சி.

பழைய 1489 சிசி பெட்ரோல் இன்ஜினில் ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவே போடும் பழைய வகை கேஸ்கெட், சில தடவை சூடாகி ஆறியதும் அமுங்கி உட்காரும். முதல் நாள் சரியாக முறுக்கிய நட்டிலும் பிடிப்பு குறையும். அதனால் சில நூறு கிலோமீட்டர் ஓடிய பின், இன்ஜின் நன்றாக ஆறியதும், நடுவிலிருந்து வெளிப்பக்கமாக வரிசைப்படி டார்க் ரெஞ்ச் வைத்து மறுபடி முறுக்க வேண்டும். விட்டால் கேஸ்கெட் போய், தண்ணீர் கலந்து, ஆயில் பால் விட்ட காபி போல ஆகிவிடும்.

கூடவே டாப்பெட்டும் பார்க்க வேண்டும். ஹெட் துளி இறங்கினால் ராக்கரும் இறங்கும். புஷ் ராடு நீளம் மாறாது. இடைவெளி குறைந்து வால்வு முழுசாக மூடாவிட்டால் கருகிப்போகும்.

"என் கைக்குத் தெரியும் சார்" என்பார்கள் பழைய மெக்கானிக்குகள். அந்தக் கைகள் மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் கொடுக்கும் முறுக்கில் சுமார் 90 சதவீதம் உராய்வுக்கே போய்விடுகிறது. மரையில் துருவும் அழுக்கும் இருந்தால், கைக்கு இறுக்கமாகத் தெரியும், பிடிப்பு இருக்காது. மரையைச் சுத்தம் செய்யாவிட்டால் டார்க் ரெஞ்ச் காட்டும் கணக்கும் பொய்தான்.

ஒழுகலுக்குப் பேஸ்ட்டை அப்புவதும் மருந்தல்ல. உள்பக்கம் பிதுங்கியது உதிர்ந்து சம்ப்பில் விழுந்து ஆயில் வலையை அடைக்கும். கார்க் கேஸ்கெட்டை அளவுக்கு மீறி இறுக்கினால் பிதுங்கிக் கிழியும், சம்ப்பின் விளிம்பும் வளையும். இரண்டு முகங்களையும் சுரண்டித் துடைப்பதுதான் பாதி வேலை.

ஒரு எச்சரிக்கை. பிள்ளைகளின் புதுக் காருக்கு இதைச் சொல்லாதீர்கள். பல புது இன்ஜின்களில் உலோக அடுக்கு கேஸ்கெட்டும், கோணக் கணக்கில் முறுக்கும் போல்ட்டும் இருக்கின்றன. அவற்றை மறுபடி தொடக்கூடாது. அந்தந்த வண்டியின் மேனுவல் சொல்வதே சட்டம்.

மெக்கானிக்கைக் கேட்டால், "கஸ்டமர் திரும்பி வருவதே இல்லை" என்கிறார். அதுவும் உண்மைதான். ஆகவே கூலி பேசும்போதே இரண்டாவது வருகைக்கும் சேர்த்துப் பேசுங்கள்; ஒரு பங்கை அன்றைக்குக் கொடுங்கள். அவரும் காத்திருப்பார், நீங்களும் மறக்க மாட்டீர்கள்.