காவலர் வழிமறிப்பு விவரங்களைத் திரட்டும் மென்பொருளுக்கு முன்பண மானியம் கோரும் மனு

அனுப்புநர்:
கலிபோர்னியா மாநிலத்துச் சிறு நகரமொன்றின் குடிமக்கள் சங்கத்தார்.

பெறுநர்:
கலிபோர்னியாச் சட்டமன்றத்தின் இரு அவைகளைச் சேர்ந்த நிதிநிலைக் குழுக்களின் தலைவர்களும் உறுப்பினர்களும், சேக்ரமெண்டோ.

பொருள்: சிறு நகரக் காவல் துறைகள் வழிமறிப்பு விவரங்களைப் பிழையின்றிப் பதிவு செய்வதற்கு வேண்டிய மென்பொருளுக்கு மானியம் வழங்குதல்.

பெருமதிப்பிற்குரிய தலைவர்களே, உறுப்பினர்களே,

சாலையில் செல்லும் ஒருவரைக் காவலர் வழிமறிக்கும் அந்தச் சில நிமிடங்களில் சர்க்காரின் அதிகாரமும் ஒரு தனி மனிதரின் மானமும் நேருக்கு நேர் நிற்கின்றன. அச்சந்திப்பு நியாயமாக நடந்ததா என்று பின்னர் விசாரிக்கப் புகுவோருக்கு இரு தரப்பாரின் ஞாபகமே பெரும்பாலும் ஆதாரமாயிருந்த நிலையை மாற்றும் பொருட்டு, சட்டமன்ற உறுப்பினர் ஷெர்லி வெபர் கொண்டுவந்த இன, அடையாளப் பாகுபாட்டுச் சட்டம் 2015 அக்டோபர் 3 அன்று ஆளுநர் ஜெர்ரி பிரவுனின் கையொப்பம் பெற்றது. ஆயிரம் காவலரும் அதற்கு மேலும் உள்ள துறைகள் ஒவ்வொரு வழிமறிப்பின் விவரங்களையும் பதிவு செய்வதை 2018 ஜூலை 1 முதல் தொடங்க, 333 பேர் வரை கொண்ட சிறு துறைகள் 2022 ஜனவரி 1 முதல் தொடங்க வேண்டும் என விதிக்கப்பட்டது. எங்கள் நகரம் இக்கடைசி வகுப்பைச் சேர்ந்தது.

இச்சட்டத்தை நாங்கள் மனப்பூர்வமாக ஆதரிக்கிறோம். வழிமறித்த தேதி, நேரம், இடம், காரணம், நீடித்த நிமிடங்கள், சோதனை நடந்ததா, நடந்ததெனில் எந்த ஆதாரத்தின் பேரில், கிடைத்தது என்ன, முடிவு என்ன என்பவற்றோடு, எதிரே நின்றவரின் இனம், பால், வயது முதலியவற்றை அவரிடம் கேளாமல், தம் கண்ணுக்குப் பட்டவாறே காவலர் குறிக்க வேண்டும் என்னும் விதி நுட்பமானது. பாரபட்சம் பிறப்பது பார்ப்பவரின் எண்ணத்தில்தானேயன்றிப் பார்க்கப்படுபவரின் பிறப்புச் சான்றிதழில் அன்று.

ஆயினும் விதி நுட்பமாக இருக்க, அதை நிறைவேற்றும் கருவி செம்மையற்றதாக இருப்பின் பயன் என்ன? அவசர நிலைமைகள் தவிர, அன்றைய பணி முடியுமுன் அறிக்கையை எழுதிவிட வேண்டிய காவலர், பகலெல்லாம் பலரை வழிமறித்த களைப்போடு, மாலையில் அமர்ந்து நேரத்தையும் இடத்தையும் நினைவுகூர்ந்து குறிப்பாரானால், ஞாபகத்தின் குறையை நீக்க வந்த சட்டம் மீண்டும் ஞாபகத்தின் தயவிலேயே நிற்க நேரும். பாரபட்சம் உண்டா என்று அறிய, ஓக்லண்டு நகரத்தின் வழிமறிப்பு விவரங்களைக் கொண்டு ஜெஃப்ரி குரோகரும் கிரெக் ரிட்ஜ்வேயும் 2006-இல் வெளியிட்ட ஆராய்ச்சி முறை, ஓட்டுநரின் முகம் தெரியும் வெளிச்சத்திலும் தெரியாத இருட்டிலும் நிகழும் வழிமறிப்புகளை ஒப்பிட்டுப் பார்ப்பது. அந்தி நேரத்தில் அரை மணி பிசகினாலும் வெளிச்சம் இருட்டாகவும் இருட்டு வெளிச்சமாகவும் மாறி, ஆராய்ச்சியின் அஸ்திவாரமே ஆட்டங்காணும். அன்றியும், காரணத்தை 250 எழுத்துக்குறிகளுக்குள் விளக்கும் பகுதியில் வழிமறிக்கப்பட்டவரை அடையாளம் காட்டும் விவரம் எதுவும் நுழையலாகாது; அதைச் சரிபார்த்தபின் அனுப்பும் பொறுப்பு அந்தந்தத் துறையையே சார்ந்தது.

மாநில நீதித் துறை இணையவழிப் படிவமொன்றை வழங்கியிருப்பதை நன்றியுடன் ஒப்புக்கொள்கிறோம். எனினும் கட்டுப்பாட்டு அறையின் பதிவேட்டிலிருந்து நேரத்தையும் இடத்தையும் தானே எடுத்துக்கொண்டு, முரண்பட்ட விடைகளை அப்போதே சுட்டிக்காட்டி, மேலதிகாரியின் சரிபார்ப்புக்கும் வழிசெய்யும் மென்பொருளே இப்பணிக்கு உகந்தது என்பது எங்கள் துணிபு.

மாநிலம் சுமத்தும் கடமைக்கு மாநிலமே செலவை ஈடுசெய்ய வேண்டும் என்பது, 1979-இல் வாக்காளர்கள் ஏற்ற அரசமைப்புத் திருத்தத்தின் கோட்பாடு. ஆனால் ஈட்டுத் தொகை செலவு செய்தபின் கேட்டுப் பெறுவது. கிணறு வெட்டி முடித்தபின் கூலி என்றால், கடப்பாரை வாங்க வழியில்லாதவன் எங்ஙனம் வெட்டத் தொடங்குவான்? பெருநகரங்கள் முன்செலவைத் தாங்கும். சிறு நகரங்களோ நூலகத்திற்கும் சாலைக்கும் ஒதுக்கிய பணத்திலிருந்தே அதை எடுக்க நேரும்.

ஆகவே நாங்கள் பணிவுடன் வேண்டுவன:

1. 333 காவலர் வரையுள்ள துறைகளுக்கு, மென்பொருள் பெறுவதற்கான மானியம் செலவுக்கு முன்னரே வழங்கப்படல் வேண்டும்.

2. அம்மானியம் கொள்முதலோடு நில்லாமல், காவலர் பயிற்சி, சரிபார்ப்பு, ஆண்டுப் பராமரிப்பு ஆகியவற்றையும் உள்ளடக்குதல் வேண்டும்.

3. ஒவ்வொரு நகரமும் தனித்தனியே விலை பேசி நலிவுறாதபடி, பல துறைகள் கூடிப் பயன்படுத்தத்தக்க பொது மென்பொருளுக்கு முன்னுரிமை அளித்தல் வேண்டும்.

4. 2005-ஆம் ஆண்டின் மத்தியப் போக்குவரத்துச் சட்டத்தின் 1906-ஆம் பிரிவு இத்தகைய தகவல் திரட்டலுக்கென மாநிலங்களுக்கு ஏற்படுத்திய மானியத் திட்டத்தைப் போன்ற வாய்ப்புகளை மாநிலம் நாடி, கிடைப்பதில் சிறு நகரங்களுக்கும் பங்கு அளித்தல் வேண்டும்.

5. மானியம் பெறும் துறை, தனிமனித அடையாளங்கள் நீக்கப்பட்ட விவரங்களை ஆண்டுதோறும் தன் நகர மக்கள் முன் வைத்தல் வேண்டும் என நிபந்தனை விதித்தல் வேண்டும்.

காவலரைக் குற்றம் சாட்டவோ அவர்மீது எழும் புகார்களை மூடிமறைக்கவோ இம்மனுவை நாங்கள் எழுதவில்லை. நேர்மையாகப் பணியாற்றும் காவலருக்கும், காரணமின்றி நிறுத்தப்பட்டேன் என்று மனம் வெதும்பும் இளைஞனுக்கும் ஒருங்கே சாட்சியாக நிற்கக்கூடியது செம்மையான பதிவேடு ஒன்றே. அச்சாட்சியம் பெருநகரத்தாருக்கு ஒரு தரத்திலும் எங்களுக்கு வேறொரு தரத்திலும் அமைதல் நியாயமன்று என்பதைத் தங்கள் திருவுளத்திற் கொண்டு ஆவன செய்யுமாறு பிரார்த்திக்கிறோம்.

இங்ஙனம்,
சங்கத்தின் பொதுக்குழு சார்பில்,
தலைவர், செயலாளர்.